சேய்மையிலிருந்து வீட்டுக் கணினியை இயக்குதல்

உடம்பு ஓரிடத்திலும் உள்ளம் வேறோரிடத்திலும் இருத்தல் மக்கட்கு இயல்பு. நம்மவர்க்கு அஃது இருமடங்கு இயல்பு. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவரின் உள்ளம் ஊர்க் கிணற்றடியிலே கிடந்த காலம் ஒன்றிருந்தது. இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் பழைய மாணவரின் உள்ளம் இக்கல்லூரியின் மைதானத்தையும் மண்டபத்தையும் சுற்றி வருவதை அவர்கள் எழுதும் கடிதங்களே காட்டும். உள்ளம் சென்ற இடத்துக்குக் கையும் செல்லுமாயின் எத்துணை நலமாகும்! கணினியைப் பொறுத்தமட்டில் அஃது இப்பொழுது இயலும். வீட்டு மேசையில் இருக்கும் கணினியை, எத்தனை காதம் கடந்த ஊரில் இருந்தும், மடிக்கணினி ஒன்றின் வாயிலாக இயக்கலாம்.

அதனை இயக்கும் முறை யாது, அதற்கு வேண்டுவன யாவை, அதில் மறைந்திருக்கும் இடர் யாது என்பவற்றை மாணவர்க்கும் முதியோர்க்கும் விளங்குமாறு கூறுதல் இக்கட்டுரையின் நோக்கம். கூறுபவன் இத்துறையில் வல்லுநன் அல்லன். கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஓர் ஆசிரியன். ஆயினும் இடரை நேரே பட்டறிந்தவன். பட்டவன் சொல்லைக் கேட்டுப் படாதவர் தப்புதல் கூடுமன்றோ?

1. நிகழ்வது யாது?

வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து இயக்கும்போது அதிலுள்ளவை யாவும் மடிக்கணினிக்கு வந்துவிடுகின்றன என்று பலர் எண்ணுவர். அவ்வாறன்று. கோப்புகள் வீட்டிலேயே இருக்கின்றன. கணிப்பு வேலையும் வீட்டுக் கணினியிலேயே நடைபெறுகின்றது. போக்குவரவு செய்வன இரண்டே. வீட்டுக் கணினியின் திரையிலே தோன்றும் காட்சி மடிக்கணினிக்கு வருகின்றது. மடிக்கணினியில் நாம் தட்டும் எழுத்தும் அசைக்கும் சுட்டியின் இயக்கமும் வீட்டுக் கணினிக்குச் செல்கின்றன. ஆதலின் வலுக் குறைந்த பழைய மடிக்கணினியும் இதற்குப் போதுமானது.

காட்சி எவ்வாறு வருகின்றது என்பதை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் உடைய திரையிலே 20,73,600 படப்புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட் வேண்டுமெனின், ஒரு காட்சிக்கு 62,20,800 பைட் ஆகும். வினாடிக்கு 30 காட்சிகள் அனுப்ப வேண்டுமாயின், வினாடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட் செல்லவேண்டும். வீட்டு இணைப்பு இச்சுமையைத் தாங்காது. ஆகவே முழுக் காட்சியையும் மீண்டும் மீண்டும் அனுப்பாமல், முன்னைய காட்சியிலிருந்து மாறிய பகுதியை மட்டும் எடுத்து, அதனையும் சுருக்கி அனுப்புவர். எழுத்து வேலை செய்யும்போது திரையின் பெரும்பகுதி அசையாதிருத்தலின் மிகச் சிறிதளவே செல்லவேண்டியதாகின்றது. திரைப்படம் பார்க்க முயன்றால் இடறுவதற்குக் காரணமும் இதுவே.

இன்னொரு தடை தூரம். கண்ணாடி இழையினூடே ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட 400 கிலோமீற்றரைச் சென்று மீள ஒரு வினாடியின் ஆயிரத்தில் 4 பங்கு போதும். இலண்டன் நேர்கோட்டிலே 8,700 கிலோமீற்றர் அளவு தூரத்தில் உள்ளது. அங்கு சென்று மீள ஆயிரத்தில் 87 பங்காவது வேண்டும். கடலடிக் கம்பிகள் நேர்கோட்டிற் செல்வன அல்ல. இடையிலே பல நிலையங்களும் உள. ஆகவே உண்மைத் தாமதம் இதனினும் மிகும். எழுத்தைத் தட்டியபின் அது திரையிலே தோன்றச் சற்றே பிந்துமாயின், அது கருவியின் குற்றமன்று, இயற்கையின் விதி.

2. இதன் வரலாறு

இஃது அண்மையிலே தோன்றிய புதுமை என்று எண்ணுதல் தவறு. இன்றைய இணையத்தின் தாயாகிய ஆர்ப்பாநெற் வழியாகச் சென்ற முதற் செய்தியே தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கான முயற்சிதான். 1969 ஒக்டோபர் 29 இரவு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து சார்லி கிளைன் என்னும் மாணவர், ஏறத்தாழ 500 கிலோமீற்றருக்கு அப்பால் ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கணினிக்குள் நுழைய முயன்றார். நுழைவதற்குரிய ‘லொகின்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துக்கள் சென்றன. அத்துடன் மறுபுறத்துக் கணினி நிலைகுலைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின்னர் மீண்டும் முயன்று வெற்றி பெற்றனர்.

அக்காலத்து முறைகளிலே கடவுச்சொல் மறைப்பின்றித் திறந்த கடிதம்போலச் சென்றது. வழியிலே நிற்பவர் எவரும் அதனை வாசிக்கலாம். அத்தகைய களவொன்று நிகழ்ந்ததன் பயனாக, பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாத்து யூலொனென் 1995 இலே எஸ்.எஸ்.எச். என்னும் மறைமொழி முறையை ஆக்கினார். 1990களின் பிற்பகுதியிலே கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து வி.என்.சி. வெளிவந்தது, அது திரைக் காட்சியைப் புள்ளிகளாகவே அனுப்புவது. மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் றிமோட் டெஸ்க்டொப் முறை 1998 இலே பெருங்கணினிகளுக்கும், 2001 இலே விண்டோஸ் எக்ஸ்.பி. புரொபெஷனல் வாயிலாகத் தனியார் மேசைக்கும் வந்தது. பின்னர்த் ரீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் றிமோட் டெஸ்க்டொப் முதலியவை தோன்றின.

3. முகவரி என்னும் சிக்கல்

ஒரு வீட்டுக்குச் செல்லவேண்டுமாயின் முகவரி வேண்டும். கணினிக்கும் அவ்வாறே. நெடுங்காலமாக வழங்கிவரும் முகவரி முறையிலே மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள. உலகிலுள்ள கருவிகளுக்கு அவை போதா. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு வெளி முகவரி என்றும், வீட்டினுள் இருக்கும் கருவிகளுக்கு உள் முகவரிகள் என்றும் பகுத்தனர். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் அவ்வாறான உள் முகவரிகள். இவை அவ்வீட்டுக்கு வெளியே பொருளற்றவை.

வீட்டின் ரவுட்டர் நம்மூர்ப் படலையை ஒத்தது. உள்ளிருந்து வெளியே செல்பவரை அது தடுப்பதில்லை. அவர் திரும்பி வரும்போதும் அடையாளங்கண்டு விடுகின்றது. வெளியிலிருந்து தானாக வரும் அயலாரை, எவரிடம் வந்தார் என்பது தெரியாமையால், நிறுத்திவிடுகின்றது. பல இடங்களிலே, சிறப்பாகக் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பு வழியாக இணைப்புப் பெறும் வீடுகளிலே, ஒரு வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஓர் ஒழுங்கையிலுள்ள வீடுகள் அனைத்துக்கும் ஒரே இலக்கம் என்றால் தபாற்காரர் என் செய்வார்? வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைத் தேடுபவரின் இடர்ப்பாடும் அத்தகையதே. 

4. மூன்று வழிகள்

இவ்விடர்ப்பாட்டைக் கடக்க மூன்று வழிகள் உள.

முதலாவது, ரவுட்டரிலே ஒரு வாயிலை நிரந்தரமாகத் திறந்துவிடுதல். றிமோட் டெஸ்க்டொப் முறைக்குரிய வாயில் எண் 3389. அவ்வெண்ணைக் கூறி வருபவர் எவராயினும் அவரை நேரே மேசைக் கணினியிடம் அனுப்பு என்று ரவுட்டருக்குக் கட்டளையிடுதல் இது. எளிது, செலவில்லை, ஆயின் தீது.

இரண்டாவது, நடுவர் ஒருவரை நாடுதல். வீட்டுக் கணினி தானாகவே வெளியே சென்று நடுவரின் நிலையத்திலே தன் வருகையைப் பதிந்து காத்திருக்கும். மடிக்கணினியும் அந்நடுவரிடமே செல்லும். இரண்டும் உள்ளிருந்து வெளியே செல்வன ஆதலின் படலை எதுவும் தடுக்காது. நடுவர் இரண்டையும் கைகோத்து விடுகின்றார். மேலே கூறிய குரோம் றிமோட் டெஸ்க்டொப், ரீம்வியூவர், எனிடெஸ்க் ஆகியவை இவ்வகையின. பழக்கமில்லாதவர்க்கு இதுவே எளிய வழி. நடுவரிடத்து வைத்திருக்கும் கணக்கு களவுபோகுமாயின் வீடும் களவுபோகும் என்பதை மட்டும் மறத்தலாகாது. ஆதலின் அக்கணக்குக்குக் கடவுச்சொல்லோடு, தொலைபேசிக்கு வரும் குறியீடு போன்ற இரண்டாவது சான்றும் வைத்தல் கடமை.

மூன்றாவது, தனிச் சுரங்கம் அமைத்தல். இதனை வி.பி.என். என்பர். மடிக்கணினிக்கும் வீட்டுக்கும் இடையே மறைமொழியாலான சுரங்கம் ஒன்றை முதலில் அமைத்து, அதனுள்ளே றிமோட் டெஸ்க்டொப்பை நடத்துதல். வயர்காட் என்னும் முறை இன்று பலராலும் விரும்பப்படுவது. 2020 மார்ச் மாதத்திலே லினக்ஸ் கருவிலும் அது சேர்க்கப்பட்டது. சரியான திறவுகோல் இல்லாதவர் தட்டினால் வயர்காட் மறுமொழியே கூறாது. உள்ளே ஆள் உண்டோ இல்லையோ என்பதும் வெளியே நிற்பவர்க்குத் தெரியாது. தொடக்கத்திலே சிறிது உழைப்பு வேண்டும், பின்னர் நிம்மதி.

5. யான் செய்த பிழை

முதலாம் வழியைத் தீது என்றேன். அதன் காரணத்தை என் வாழ்விலிருந்தே கூறுவேன்.

2012 தொடங்கி, இக்கல்லூரியிற் கற்றவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை யான் தொகுத்து வந்தேன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலே பல வீடுகளிலிருந்த பழைய மலர்களும் வகுப்புப் படங்களும் அழிந்துபோயின. எஞ்சிய மலர்களைத் தேடியும், முதியவர்களின் வீட்டுத் திண்ணையில் இருந்து அவர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல எழுதியும், ஏறத்தாழ 4,000 பெயர்களை வீட்டு மேசைக் கணினியிலே பதிந்திருந்தேன். யார் எந்த ஆண்டில் எந்த வகுப்பில் இருந்தார், பின் எங்கு சென்றார், இருக்கின்றாரா இல்லையா என்பனவெல்லாம் அதில் இருந்தன.

2018 தொடக்கத்திலே மனைவியின் சிகிச்சைக்காகக் கொழும்பிலே மூன்று மாதம் தங்கவேண்டி வந்தது. வைத்தியசாலையிலே காத்திருக்கும் நேரத்தைப் பட்டியல் வேலையிற் கழிக்கலாம் என்று எண்ணினேன். அறிந்தவர் ஒருவர் 3389 ஆம் வாயிலைத் திறந்து கொடுத்தார். கடவுச்சொல்லாக எங்கள் ஊரின் பெயரையும் யான் பிறந்த ஆண்டையும் வைத்தேன். இரண்டு கிழமை எல்லாம் செவ்வனே நடந்தது. கொழும்பு அறையில் இருந்துகொண்டு என் வீட்டு மேசையிலே எழுதுவது எனக்குப் பெரு வியப்பாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

மூன்றாம் கிழமை ஒரு காலையிலே திறந்தபோது, என் கோப்பு ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பெயரும் மாறியிருந்தது. திரையிலே ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல்: கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன, பணம் அனுப்பினால் திறவுகோல் தரப்படும் என்று. பின்னர்க் கணினியை ஆராய்ந்த இளைஞர், அவ்வாயிலிலே இரவு பகலாகக் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயன்ற தடங்களை எனக்குக் காட்டினார். முயன்றவர் மனிதர் அல்லர். உலகம் முழுவதும் திறந்த வாயில்களைத் தேடி அலையும் இயந்திர நிரல்கள். ஊர்ப் பெயரும் பிறந்த ஆண்டும் அவற்றுக்கு எத்துணை நேரம்?

வலிய கடவுச்சொல் வைத்திருந்தால் தப்பியிருக்கலாமே எனின், அதுவும் முழுக்காப்பு அன்று. 2019 மே மாதத்திலே, பழைய விண்டோஸ் வகைகளின் றிமோட் டெஸ்க்டொப்பிலே கடவுச்சொல்லே இன்றி நுழையத்தக்க குறை ஒன்று வெளிப்பட்டது. அதன் கடுமையை நோக்கி, ஆதரவு எப்பொழுதோ முடிந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசொப்ற் திருத்தம் வெளியிட்டது. ஆகவே அவ்வாயிலை உலகுக்குத் திறந்து வைத்தல் எக்காலத்தும் ஆகாது.

யான் பணம் அனுப்பவில்லை. 2015 வரையிலான பகுதியின் பிரதி ஒன்று ரொறன்ரோவிலுள்ள பழைய மாணவர் ஒருவரிடம் இருந்தது, அது மீண்டது. பின் மூன்று ஆண்டுகளில் எழுதியதை மீண்டும் எழுதத் தொடங்கினேன். ஆனால் அம்மூன்றாண்டுகளிலே எனக்குப் பெயர் சொன்ன முதியவர்களுள் மூவர் அதற்கிடையிலே காலமாகிவிட்டனர். அவர்கள் மட்டுமே அறிந்திருந்த பெயர்கள் அவர்களோடு சென்றன. கணினியைத் திருத்தலாம்; அப்பெயர்களை எங்கே தேடுவது?

6. புறப்படுமுன் செய்யவேண்டியவை

இனி, இம்முறையைக் கைக்கொள்ள விரும்புவோர் வீட்டிலிருந்து புறப்படுமுன் செய்யவேண்டியவற்றை ஒழுங்காகக் கூறுவேன்.

முதலாவது, கணினியின் வகையை அறிக. விண்டோஸின் ஹோம் பதிப்பு மைக்ரோசொப்ற் றிமோட் டெஸ்க்டொப் வழியாக அழைப்பை ஏற்காது. புரோ பதிப்பே ஏற்கும். ஹோம் பதிப்பு உடையோர் நடுவர் வழியை நாடுக. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. தொலைவிலிருந்து திறக்கப்படும் கணினி திருத்தங்களை உடனுக்குடன் பெறும் கணினியாக இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கடவுச்சொல். தொடர்பற்ற நான்கைந்து சொற்களை அடுக்கிய நீண்ட தொடரே நன்று. ஊர், பேர், பிறந்த ஆண்டு, வழிபடு தெய்வத்தின் பெயர் என்பன வேண்டா. அன்றாட வேலைக்கு நிருவாக உரிமையில்லாத கணக்கு ஒன்றைப் பயன்படுத்துக.

மூன்றாவது, உறக்கம். வேலையின்றி இருக்கும் கணினி சிறிது நேரத்தில் உறங்கிவிடும்; உறங்கும் கணினி அழைப்பை ஏற்காது. ஆகவே மின் அமைப்புப் பகுதியிலே உறக்கத்தை நிறுத்துக. உறங்குவதை எழுப்பும் வழியும் ஒன்றுண்டு. 255 என்னும் எண்ணை 6 முறை கூறி, பின்னர் அக்கணினியின் வலையட்டைக்குரிய முகவரியை 16 முறை கூறும் 102 பைட் செய்தி ஒன்றை அனுப்பினால், அதற்கு ஆயத்தமாக்கப்பட்ட கணினி விழித்தெழும். திருப்பள்ளியெழுச்சி போன்ற இச்செய்தி பொதுவாக வீட்டு வலையமைப்பினுள்ளேதான் ஒலிக்கும். ஆகவே அதனை உள்ளிருந்து அனுப்ப விழித்திருக்கும் வேறொரு சிறு கருவி வேண்டும்.

நான்காவது, மின்தடை. 2022 மார்ச் இறுதியிலே நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதை யாவரும் அறிவோம். மின்சாரம் மீண்டதும் கணினி தானாகவே இயங்கத் தொடங்குமாறு அதன் அடிப்படை அமைப்பிலே கட்டளையிடலாம். குறுகிய தடைகளைத் தாங்க யூ.பி.எஸ். ஒன்று வைக்கலாம். அதிலே கணினியை மட்டும் இணைத்து ரவுட்டரை மறந்துவிடுவோர் பலர். வாய் அடைபட்டபின் மூளை விழித்திருந்து பயனென்ன?

ஐந்தாவது, திரை. றிமோட் டெஸ்க்டொப்பிலே நாம் நுழைந்தவுடன் வீட்டுத் திரை பூட்டப்படும். நடுவர் வழிகள் பலவற்றிலே நாம் செய்வதெல்லாம் வீட்டுத் திரையிலும் தெரியும். வீட்டுக்கு வருபவர் காணலாகாத கடிதம் உண்டெனின் திரையை அணைத்துவிட்டுச் செல்க.

ஆறாவது, பரீட்சை. வீட்டினுள்ளே இருந்து சோதித்து, எல்லாம் சரி என்று புறப்படுதல் பேதைமை. கைத்தொலைபேசியின் இணைப்பை மடிக்கணினிக்குக் கொடுத்து, அயல் வீட்டிலோ கோயில் வீதியிலோ இருந்து முயன்று பார்க்க. அங்கிருந்து திறந்தால் அவுஸ்திரேலியாவிலிருந்தும் திறக்கும்.

7. பிள்ளைகளும் பெற்றோரும்

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை ஊரிலிருக்கும் தாய் தந்தையரின் கணினியை இவ்வழியே திருத்திக் கொடுத்தல் இன்று பெரு வழக்கு. அது நன்று. ஆயின் அதே வழியாலே கள்வரும் வருவர். “உங்கள் கணினியிலே கிருமி புகுந்துள்ளது, நாங்கள் திருத்தித் தருகிறோம், திரையில் தெரியும் இலக்கத்தைச் சொல்லுங்கள்” என்று இனிய குரலில் ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். இலக்கத்தைச் சொன்ன கணத்திலே அவர் நம் மேசையில் இருக்கின்றார். நம் வங்கிக் கணக்கைத் திறக்கின்றார். உண்மையான நிறுவனம் எதுவும் தானாக அழைத்து இவ்வாறு கேட்பதில்லை. பெற்றோர்க்கு ஒரு விதி போதும்: நாம் அழைத்து வந்தவரையன்றி, தாமாக அழைத்தவர் எவரையும் கணினிக்குள் விடலாகாது. சொல்வது மகனின் குரலாயினும், ஐயம் தோன்றின் அழைப்பைத் துண்டித்து, தாம் அறிந்த இலக்கத்துக்குத் தாமே மீண்டும் அழைத்துக் கேட்க.

8. முடிபு

சேய்மையிலிருந்து அணுகும் வசதி கோப்புக்கு வழியே ஆகும், காப்பு ஆகாது. நாம் எளிதில் நுழையுமாறு அமைத்த வழி பிறர்க்கும் வழியாகலாம். ஆகவே வழியை அமைப்பவன் முதலிலே பிரதி எடுத்தல் வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகையான ஊடகங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது வல்லுநர் கூறும் விதி. அவற்றுள் ஒன்று கணினியோடு இணைக்கப்படாது தனியே இருத்தல் வேண்டும். இணைந்திருப்பதையும் பூட்டிவிடுவர் என்பதை யான் கண்டேன். 1981 யூன் முதலாம் நாளை ஒட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஒரே பிரதி என்பது எத்தகைய சொல் என்பதை நமக்கு வேறொருவர் கற்பிக்கவேண்டியதில்லை. அறிந்திருந்தும் யான் ஒரே பிரதியை வைத்திருந்தேன். அதுவே என் பிழைகளுள் தலையாயது.

மாணவர்காள், உங்கள் வீட்டு முதியவரின் கணினியிலே என்ன இருக்கின்றது என்று இன்றே கேளுங்கள். அதற்குப் பிரதி உண்டோ என்றும், வாயில் திறந்திருக்கின்றதோ என்றும் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை அது.

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, பட்டியல் இன்று மீண்டும் வளர்ந்து வருகின்றது. அது இப்பொழுது மூன்று ஊர்களில் மூன்று பிரதிகளாக உள்ளது. யான் எங்கிருந்தாலும் சுரங்க வழியே அதனைத் திறந்து எழுதுகிறேன். ஆயினும் அதில் வெற்றிடங்கள் உள. உங்களோடு ஒரே வாங்கில் இருந்தவரின் பெயர் உங்களுக்கு நினைவிருப்பின், விழாக் குழுவினர்க்கு ஒரு வரி எழுதியனுப்புங்கள். அவர் இன்று எங்கிருப்பினும், இல்லாதுபோயிருப்பினும், அவர் பெயர் இக்கல்லூரியிலே இருக்கட்டும்.